அடியை யார் வாங்குவது

செங்கல் கம்பெனி குமாஸ்தா கேட்டது இரண்டு பிரதி. பாயிஜா எடுத்தது மூன்று.

மூன்றாவதை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். மற்ற இரண்டையும் அசலோடு சேர்த்துக் கிளிப் போட்டுக் கொடுத்தாள். வந்தவர் வேலைக்குப் புதிது. யார் கடையில் நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியாது. நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

நெய்வேலி டவுன்ஷிப்பில் மெயின் பஜாருக்குப் போகிறவர்களுக்குப் பாயிஜாவின் ஜெராக்ஸ் கடை தெரிந்திருக்கும். அவள் அத்தா சாகுல் ஹமீது ஆரம்பித்த கடை. அவருக்கு முழங்கால் போனபிறகு பத்து வருடமாக அவள்தான் நடத்துகிறாள். குவார்ட்டர்ஸ் விண்ணப்பம், கேட் பாஸ் படிவம், பள்ளிக்கூட டி.சி., கல்யாணப் பத்திரிகை என்று ஊரின் காகிதமெல்லாம் அவள் கை வழியாகத்தான் போகும். நான் வளர்மதி. ஒரு தனியார் கிளினிக்கில் நர்ஸ். கிளினிக் படிவங்களைப் பிரதி எடுக்கப் போய் அவளோடு பழக்கமானேன். என்னைவிட ஆறு வயது சின்னவள். இது நடந்தபோது அவளுக்கு முப்பத்தொன்று.

பூட்டி வைத்த அந்தத் தாள் ஒரு விபத்து அறிக்கை. அவள் தம்பி முகமது அசீமைப் பற்றியது.

கம்மாபுரம் போகும் சாலையில், அனல்மின் நிலையச் சாம்பலில் செங்கல் அறுக்கும் தனியார் கம்பெனி ஒன்று இருந்தது. அசீம் அங்கே கலவை பெல்ட்டில் வேலை பார்த்தான். மாசி மாதம் ஒரு காலையில் ஓடும் பெல்ட் அவன் வலது கையை உருளைக்குள் இழுத்துவிட்டது. மூன்று விரல்கள் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு கட்டுமாற்ற நான்தான் ஒருநாள் விட்டு ஒருநாள் அவர்கள் வீட்டுக்குப் போவேன். முதல் வாரம் அவன் தெளிவாகச் சொன்னான்: பெல்ட்டை நிறுத்துவதற்காகப் பக்கத்தில் கட்டியிருக்கும் கயிற்றை இடது கையால் இழுத்தான், பெல்ட் நிற்கவில்லை, கயிறுதான் கையோடு வந்தது. அதன்பிறகு கம்பெனி ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் கேட்டபோது சரியாக ஞாபகம் இல்லை என்றான். ஒரு மாதம் கழித்துக் கட்டுப் பிரிக்கும்போது, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "போன் பேசிகினு நின்னுட்டேன் போலக்கா. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க" என்றான்.

அறிக்கையிலும் அதுவேதான் இருந்தது. தொழிலாளி கைபேசியில் பேசியபடி ஓடும் பெல்ட்டைத் துடைத்தார். நிறுத்தக் கயிறு நல்ல நிலையில் இருந்தது. விபத்துக்கு அவருடைய கவனக்குறைவே காரணம். கீழே மேற்பார்வையாளர் கையெழுத்து. சி. பிரவீன்குமார்.

விபத்து நடந்த அன்று அசீமின் போன் அவனிடம் இல்லவே இல்லை. திரை உடைந்து, முந்தின நாளே பாயிஜா தன் கடைக்குப் பக்கத்துப் போன் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தாள். அறிக்கை பொய் என்பதை முதல் வரியிலேயே கண்டுகொண்டாள். ஆனால் அவளைக் கல்லாக்கியது பொய் இல்லை, கையெழுத்து. பிரவீன்குமார் ஆறு வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் அவளோடு உட்கார்ந்து விளையாடுகிறவன். அசீம் படுத்திருந்தபோது ஆரஞ்சுப் பழத்தோடு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தவன். அவர்கள் வீட்டு நோன்புக் கஞ்சியைக் கேட்டு வாங்கிக் குடித்தவன்.

அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடங்களுக்கு முன்னால் ஒரு இன்ஜினியரிங் மாணவன் முந்நூறு பக்கத்தைப் பிரின்ட் எடுத்து ஸ்பைரல் போடக் கொடுத்துவிட்டு, வாங்க வரவே இல்லை. பாயிஜா அதை எடுத்துப் படித்தாள். கதைக்குள் இறங்கி விளையாடும் ஒரு விளையாட்டின் விதிநூல் அது. ஒருவர் உலகத்தைச் சொல்லிக்கொண்டு போவார், அவர் மாஸ்டர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்பார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை சொல்லும். ஒரு கதை முடிய மாதக்கணக்கில் ஆகும். அகராதி வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்து முடித்தவள், விளையாட ஆள் கேட்டு என்னிடம் வந்தாள். நானும் என் கணவர் நெடுமாறனும் சேர்ந்தோம். நெடுமாறன் அனல்மின் நிலையத்தில் பர்மனென்ட் ஊழியர், ஷிப்ட் ஆபரேட்டர். அவர் தன் பள்ளிக்கூடச் சிநேகிதன் பிரவீன்குமாரை அழைத்து வந்தார். எங்கள் குவார்ட்டர்ஸ் ஹாலில், நெடுமாறனுக்கு செகண்ட் ஷிப்ட் இல்லாத ஞாயிறுகளில், சாப்பாட்டுக்குப் பிறகு பாய் விரித்து உட்காருவோம். அதுவரை ஆடியதெல்லாம் காடு, கோட்டை, வாள் கதைகள். பிரவீன்குமார் மட்டும் விண்வெளிக் கதை வேண்டும் என்று இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

குமாஸ்தா வந்துபோன வாரம் பாயிஜா எங்கள் எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். அடுத்த கதை விண்வெளியில்தான். எந்த விதிநூலை வைத்து ஆடுவது என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். பிரவீன்குமார் உடனே கும்பிடும் கைகளை வரிசையாக அனுப்பினான்.

பஜாரில் மதியம் இரண்டிலிருந்து நான்குவரை ஆள் வராது. அந்த நேரத்தில் என்னைக் கடைக்குக் கூப்பிடுவாள். கல்லாமேல் காகிதங்களைப் பரப்பி, ஒவ்வொரு விதிநூலையும் உருட்டிப் பரிசோதிப்போம். முதல் நாளே ஒன்றைக் கவனித்தேன். பரிசோதனைக்கு அவள் எடுத்துவைக்கும் பாத்திரம் எப்போதும் பிரவீன்குமாருடையது. நிறையப் பேசும், முன்னால் ஓடும், ஆதன் என்று பெயர் வைத்துக்கொள்ளும் கப்பலோட்டி. அவன் எல்லாக் கதையிலும் அப்படி ஒருவனைத்தான் ஆடுவான்.

முதல் விதிநூல் கனமானது, வண்ணப் படங்களோடு. இருபது முகப் பகடையில் ஆடுவது. அவள் ஆதனைச் சுட்டாள். பதினோரு தடவை சுட்டாள். ஆதன் கப்பலுக்குள் போய் எட்டு மணி நேரம் படுத்து எழுந்தான்; காயமெல்லாம் ஆறிவிட்டது. விதி அப்படி. பாயிஜா புத்தகத்தைத் தள்ளிவைத்து, இந்த ரூல்ஸில் எமனுக்கே வேலை இல்லை என்றாள்.

இரண்டாவது நூறு வரைக்கும் எண்ணுவது. இருட்டு, மூச்சுமுட்டல், பயம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் உண்டு. உடையில் ஒரு பொத்தல் விழுந்தால் காற்று தீரும், காற்று தீர்ந்தால் பிதற்றல், பிதற்றினால் சாவு. ஆதன் அரைமணி நேரத்தில் செத்துப்போனான். அவள் முகத்தில் அன்று ஒரு வெளிச்சம் இருந்தது. திரும்பவும் உருட்டினாள். திரும்பவும் செத்தான். நான்கு தடவை சாகடித்தபிறகுதான் பகடையைக் கீழே வைத்தாள். மறுநாள் போனபோது அதையும் கட்டிக் கீழே வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"இதுல எல்லாரும்தான் சாவுறாங்க. நீங்களும் சாவுறீங்க, நெடுமாறண்ணனும் சாவுறாரு. எல்லாரும் செத்தா அது விதி. அவனுக்குன்னு வரணும்க்கா."

விளையாட்டைப் பற்றி அப்படி யாரும் பேச மாட்டார்கள். யாருக்கு என்றேன். யாரும் வருகிறார்களா என்று அவள் வெளியே எட்டிப் பார்த்தாள். கம்பெனி பஸ் ஒன்று ஆளில்லாமல் போயிற்று. பிறகு இழுப்பறையைத் திறந்து அந்தத் தாளை என் முன்னால் வைத்தாள்.

படித்தேன். அசீமின் கையை நான்தான் இரண்டு மாதம் கழுவியவள். அந்தத் தையல்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும். போன் பேசிகினு நின்னுட்டேன் போல என்று அவன் சொன்னதும் நினைவுக்கு வந்தது. நெடுமாறனிடம் சொல்லாதே என்று அவள் கேட்கவில்லை, நானாகவே சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் தேடியதை நானும் சேர்ந்து தேடினேன்.

நேரே போய்ச் சட்டையைப் பிடித்துக் கேட்டால் என்ன என்று ஒருநாள் சொன்னேன். கேட்டால் அழுவான், மன்னிப்பும் கேட்பான், எழுந்து போய்விடுவான், அதோடு முடிந்துவிடும் என்றாள். அவன் யார் என்பது நான்கு பேர் நடுவில் வெளியே வர வேண்டும். அதை அவனே கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும்.

மூன்றாவது விதிநூல் எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு சாதாரணப் பகடைதான். ஆனால் கதை தொடங்கும் முன்பே பாத்திரத்தின் பழைய வாழ்க்கையை உருட்ட வேண்டும். எங்கே வேலை பார்த்தான், எத்தனை வருடம், என்ன கெட்டது நடந்தது. ஆதனுக்காக உருட்டினோம். அட்டவணையில் வந்தது: வேலையில் விபத்து, ஓர் உறுப்பு இழப்பு, பழி உன்மேல். நான் அவளைப் பார்த்தேன். இதுதானே வேண்டும் என்று நினைத்தேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். இது பகடை செய்தது, அவன் செய்ததில்லை என்றாள். அன்று அதற்குமேல் ஆடவில்லை.

நான்காவது ஒரு மெல்லிய புத்தகம். நாற்பது பக்கம் இருக்கும், படம் எதுவும் இல்லை. அதைப் படித்துக்கொண்டிருந்தவள் ஒரு பக்கத்தில் நின்றாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

அதன் விதி இது. ஆபத்தான வேலை எதுவானாலும் மூன்று பகடை உருட்ட வேண்டும். நன்றாக விழுந்தால் பிழைத்தாய். மோசமாக விழுந்தால் யாரோ ஒருவருக்கு அடி. அது யாருக்கு என்பதை உருட்டியவரே சொல்ல வேண்டும். தானே வாங்கிக்கொள்ளலாம், இல்லை, பக்கத்தில் நிற்பவர்மேல் தள்ளிவிடலாம். தள்ளினால் தாளின் மூலையில் ஒரு கோடு விழும். ஆறு கோடு சேர்ந்தால் மாஸ்டர் அந்த ஆறு அடியையும் ஒரே தடவையில் திருப்பிக் கொடுக்கலாம். அப்போது பகடை கிடையாது, தப்பிக்க வழியும் கிடையாது.

"அந்த ஆளு தள்ளுவான்க்கா. தள்ளாம இருக்க முடியாது அவனால. ஆறு கோடு வரட்டும். அன்னைக்கு இந்தப் பேப்பர எடுத்து எல்லாருக்கும் படிக்கிறேன்."

அறிக்கையை மடித்து அந்தப் புத்தகத்துக்குள்ளேயே வைத்தாள்.

வைகாசி கடைசி ஞாயிறு கதை தொடங்கியது. சனிக்கோளின் வளையத்திலிருந்து பனிக்கட்டி ஏற்றிவரும் பழைய சரக்குக் கப்பல். அதற்கு வெள்ளாறு என்று பெயர் வைத்தாள். நான் கப்பலின் மருத்துவர், நெடுமாறன் இயந்திரக்காரர், பிரவீன்குமார் எதிர்பார்த்தபடியே ஆதன் என்னும் கப்பலோட்டி. விதியை அவள் விளக்கியபோது பிரவீன்குமார், அடியைத் தள்ளிவிடலாமா, நல்லாருக்கே என்று சிரித்தான். பாயிஜா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

முதல் மோசமான பகடை அவனுக்குத்தான் விழுந்தது. கப்பலுக்கு வெளியே நானும் அவனும் ஒரு கயிற்றில் தொங்குகிறோம்; கல் ஒன்று பறந்து வருகிறது. யார்மேல் என்று பாயிஜா கேட்டாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"என் மேலயே போடு பாயிஜா. டாக்டரம்மா செத்தா அப்புறம் யாரு தையல் போடுறது" என்றான்.

விலா எலும்பு உடைந்ததாக எழுதிக்கொண்டான். அடுத்த ஞாயிறும் அப்படியே. தீப்பிடித்தபோது தன் கையைக் கொடுத்தான். காற்று குறைந்தபோது தன் பங்கைக் குறைத்துக்கொண்டான். ஐந்து ஞாயிறு ஆனபிறகும் அவன் தாளின் மூலை வெள்ளையாகவே இருந்தது. தள்ளியவர் என் வீட்டுக்காரர்தான். வெட்கமே இல்லாமல் நான்கு தடவை அவன்மேல் தள்ளிவிட்டுச் சிரித்தார். அவனும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டான்.

பாயிஜா இளைத்துப்போனாள். ஆட்டம் முடிந்து போகும்போது என்னிடம் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போவாள். ஒருநாள் கிளினிக் வாசலுக்கே வந்து நின்றாள். அவன் கெட்டவனாக இருந்திருந்தால் தனக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்றாள். ஒருவேளை விட்டுவிடப் போகிறாளோ என்று நினைத்தேன். அவள் கண்ணைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை. கோபம் முன்னைவிட அதிகமாகத்தான் இருந்தது.

ஆறாவது ஞாயிறு ஆடியில் வந்தது. நல்ல காற்று, ஜன்னலைச் சாத்தி வைத்திருந்தோம். கப்பலின் சரக்கறையில் பனிக்கட்டியை நகர்த்தும் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று ஆரம்பித்தாள். மாரி என்னும் கப்பல் தொழிலாளியின் கை உருளைக்குள் போய்விட்டது. ஆதன் பக்கத்தில் நிற்கிறான். நிறுத்தக் கயிறு இருக்கிறது.

பிரவீன்குமார் முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. மெதுவாக, கயிற்றை இழுக்கிறேன் என்றான்.

"கயிறு கையோட வருது" என்றாள் பாயிஜா.

நெடுமாறனுக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை, உருட்டுடா என்றார். அவன் உருட்டினான். ஒன்று, ஒன்று, ஒன்று. அதைவிட மோசமாக விழ முடியாது.

"யாருக்கு?" என்று கேட்டாள்.

அவன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, என் கையை உள்ளே விட்டு உருளையை நிறுத்துகிறேன், ஆதனுடைய கை போகட்டும் என்றான்.

பாயிஜா புத்தகத்தை விரித்து, அறிக்கையை எடுத்துப் பாய்மேல் அவன் பக்கமாக வைத்தாள். ஆறு வருடமாக அண்ணா என்று கூப்பிட்டவள் அன்று அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

"ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சேன். அடிய வாங்கிக்கத் தெரியாத ஆளுன்னு நெனச்சுத்தான் இந்த ரூல்ஸத் தேடி எடுத்தேன். ஆறு வாரமா பாக்குறேன், எல்லாத்தையும் நீங்களே வாங்கிக்கிறீங்க. அப்ப ஒங்களுக்குத் தெரியுது. தெரிஞ்சுகினேதான் என் தம்பி மேல தள்ளி வுட்டீங்க."

நெடுமாறன் தாளை எடுத்துப் படித்தார். படித்துவிட்டு அவனைப் பார்த்தார். டேய், இது உன் கையெழுத்தா என்று மட்டும் கேட்டார்.

பிரவீன்குமார் எல்லாவற்றையும் சொன்னான். கயிறு இரண்டு நாளாகவே அறுந்திருந்தது. முதலாளியிடம் சொன்னான், லோடு போகட்டும், ஞாயிறன்று மாற்றிக்கொள்ளலாம் என்றார். வெறும் முடிச்சுப் போட்டு மாட்டி வைத்தான். விபத்துக்கு மறுநாள் டைப் அடித்த அறிக்கையைக் கொண்டுவந்து நீட்டினார்கள். கையெழுத்துப் போடு, இல்லையென்றால் மேற்பார்வையாளன் நீதான், போலீஸ் உன்னைத்தான் தேடும் என்றார்கள். அவன் அப்பா பர்மனென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இவனுக்குப் பர்மனென்ட் கிடைக்கவில்லை, பன்னிரண்டு வருடம் ஒப்பந்தத்திலேயே அலைந்தவன். இதையெல்லாம் சொல்லி அழுதான்.

பாயிஜா முழுவதையும் கேட்டாள். அவள் முகத்தில் எந்த அசைவும் இல்லை. இப்போது இங்கே சொன்னதை எழுதிக் கொடுங்கள் என்றாள். வேலை போய்விடும் என்றான். அதற்குமேல் என்ன வழக்கு வருமோ என்றான்.

"இப்ப ஒரு கையக் குடுத்தீங்களே. வலிச்சுதா?"

அவன் எழுந்து போனான். அவனுடைய பகடை எங்கள் பாயிலேயே கிடந்தது.

மறுநாள் அவள் தொழிற்சாலை ஆய்வாளருக்கு மனு எழுதினாள். பிரவீன்குமார் சொன்னதைக் கேட்ட சாட்சிகளாக நானும் நெடுமாறனும் கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். நான் உடனே போட்டேன். நெடுமாறன் போடவில்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் என்றார். எங்கள் வீட்டில் ஒரு வாரம் சரியான பேச்சுவார்த்தை இல்லை. எட்டாவது நாள் பர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து வந்தவர், குளிக்காமல் கொள்ளாமல் என் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

விசாரணைக்குப் பிரவீன்குமாரை அழைத்தார்கள். அவன் எல்லாவற்றையும் மறுத்தான். விளையாட்டில் கதாபாத்திரமாகப் பேசியதை நிஜம் என்று நினைத்துக்கொண்டார்கள் என்றானாம். அதைக் கேட்டுவிட்டு வந்த பாயிஜா நேரே கடைக்குப் போனாள். அறிக்கையை இருப்பதிலேயே பெரிய தாளில் பெரிதாக்கிப் பிரதி எடுத்தாள். பிரவீன்குமாரின் கையெழுத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டாள். பக்கத்தில் போன் ரிப்பேர் சீட்டையும் பெரிதாக்கி வைத்தாள். அதில் விபத்துக்கு முந்தின நாள் தேதி இருந்தது. இரண்டையும் கடையின் முகப்புக் கண்ணாடிக்கு வெளிப்பக்கம் தெருவைப் பார்க்க ஒட்டினாள்.

மெயின் பஜாருக்கு வராத ஆள் டவுன்ஷிப்பில் இல்லை. பிரதி எடுக்க வந்தவர்கள் படித்தார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் படித்தார்கள். காடாம்புலியூரிலிருந்து பலாப்பழம் கொண்டுவரும் வியாபாரிகூட நின்று, யாரம்மா அந்த ஆள் என்று விசாரித்துவிட்டுப் போனார். பிரவீன்குமார் பஜார் பக்கம் வருவதை நிறுத்தினான். அவன் மகளைப் பள்ளியில் யாரோ, அது உன் அப்பாதானே என்று கேட்டதாகக் கேள்விப்பட்டேன். அது எனக்கு உறுத்தியது. பாயிஜாவிடம் சொன்னேன். அசீமை யாரும் எதுவும் கேட்கவில்லையா என்று திருப்பிக் கேட்டாள். உண்மைதான். நான்கு கம்பெனியில் வேலை கேட்டுப் போயிருக்கிறான். போன் பார்த்துக்கொண்டு கையை விட்டவன்தானே என்று நான்கிலும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

புரட்டாசியில் பிரவீன்குமாரின் அம்மா கனகம் கடைக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். அந்தம்மா ஸ்டூலில் உட்கார மறுத்து, நின்றுகொண்டே பேசினார். பையன் சாப்பிடுவதில்லை, தெருவில் இறங்குவதில்லை, அதை எடுத்துவிடு தாயி என்றார். பாயிஜா அவருக்குத் தண்ணீர் கொடுத்தாள். பிறகு சொன்னாள்.

"நா ஒட்டுனத நா எடுக்க மாட்டேன்மா. கையெழுத்துப் போட்டவரு வந்து எடுக்கட்டும்."

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை முற்பகல், கடையில் ஏழெட்டுப் பேர் நிற்கும்போது பிரவீன்குமார் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடிமுன் நின்றான். எடுத்துக் கிழிக்கப் போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தான். சிவப்பு வட்டத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில், நிதானமாக எழுதினான். இது பொய். கயிறு இரண்டு நாளாக அறுந்திருந்தது. எனக்குத் தெரியும். அசீமிடம் போன் இல்லை. எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டு அன்றைய தேதியும் போட்டான். பிறகு பாயிஜாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

அவள் திரும்பக் கும்பிடவில்லை. வெளியே வந்து, தாளை ஓரங்கள் கிழியாமல் உரித்து எடுத்தாள். உள்ளே போய் மிஷினில் வைத்தாள். நின்றிருந்தவர்களை வரிசையாகச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னாள். அந்த வேலைகளை அவள் முடிக்கும்வரை அவன் வெயிலிலேயே நின்றான். முடிந்ததும், நீங்க போகலாம் என்றாள்.

அந்தத் தாள் விசாரணைக்குப் போயிற்று. பிரவீன்குமாரும் போய் வாக்குமூலம் கொடுத்தான். பழைய அறிக்கை செல்லாது என்று உத்தரவு வந்தது. கம்பெனி முதலாளிமேல் வழக்குப் போட்டார்கள். அது இன்னும் நடக்கிறது. பிரவீன்குமாருக்கு வேலை போயிற்று, அவன் பெயரும் வழக்கில் இருக்கிறது. அசீம் இப்போது பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலையில் சரக்குப் பதிவு பார்க்கிறான். இடது கையில் எழுதப் பழகிவிட்டான்.

உத்தரவு வந்த அன்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். பாயிஜா அதை அசீமுக்கு வாசித்துக் காட்டினாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். அவனுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று எதிர்பார்த்தோம். கண்ணாடியில் ஒட்டியது அவனுக்குப் பிடித்திருக்கவில்லை. அவமானமாக இருக்கிறது என்று அக்காவிடம் இரண்டு மாதமாகப் பேசாமல் இருந்தவன். போன் ரிப்பேரில் இருந்தது என்று அவள் எத்தனை தடவை சொல்லியும் அவன் முழுதாக நம்பவில்லை. வாசித்து முடித்ததும், "அப்ப நா போன் பேசலையா?" என்றான். இல்லைடா என்றாள். அவன் நல்ல கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சாகுல் ஹமீது எழுந்து உள்ளே போய்விட்டார். விபத்து நடந்த நாளிலிருந்து அந்த வீட்டில் பாயிஜா அழுது நான் பார்த்ததில்லை. அன்றும் அழவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நாங்கள் மூன்று பேர்தான். நெடுமாறன் நடுவில் ஒருமுறை பிரவீன்குமாருக்காகப் பேசிப் பார்த்தார். செய்ததை ஊரறிய ஒப்புக்கொண்டான், வேலையையும் இழந்தான், இனி வந்து உட்காரட்டுமே என்றார். பாயிஜா விரோதமாக எதுவும் பேசவில்லை. அவர் வருவதென்றால் வரட்டும், நான் வரமாட்டேன் என்றாள். அதன்பிறகு நெடுமாறன் கேட்கவில்லை.

போன மாதம் கடையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது, அந்தக் கோபம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். ஒரு சிறுமியின் பள்ளி ப்ராஜெக்ட்டுக்கு ஸ்பைரல் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இருக்குக்கா. அவரு எழுதும்போது போயிடும்னு நெனச்சேன். போவல."

பிறகு கம்பியின் நுனியை மடக்கி, வெளியே நின்ற சிறுமியின் அம்மாவைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.